மாத்திரையும் வேண்டும், மனம்விட்டுப் பேசவும் வேண்டும்: யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 38 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம் சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, காரணமில்லாமல் அழுவது நின்றுவிட்டது. ஆனால் ஒன்று மாறவே இல்லை. மேலதிகாரியோ கணவரோ குரலை உயர்த்தினால் அப்படியே ஒடுங்கிப்போகிறேன். அப்புறம் நாலு நாள் யாரோடும் பேச்சு கிடையாது. அப்பா வீட்டிலும் இப்படித்தான் இருந்தேன். ஆன்லைனில் எட்டு முறை சிபிடி (எண்ணங்களைச் சோதித்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) எடுத்துக்கொண்டேன், எண்ணங்களை நோட்டில் எழுதினேன். கொஞ்சம் உதவியது. பழைய உறவுகள் இன்றைய நடத்தையில் எப்படித் தொடர்கின்றன என்று பேசிப் பார்க்கும் சைக்கோடைனமிக் தெரபி பற்றிப் படித்த பிறகு எனக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. மருந்தும் கொடுத்து, இந்தத் தெரபியும் செய்கிற ஒரே மனநல மருத்துவர் வேண்டும். என் டாக்டரிடம் கேட்டால், "அதெல்லாம் இப்போ யாரும்மா பண்றாங்க, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க" என்கிறார். கணவரோ, "பழைய கதையைப் பேச வாரம் ரெண்டாயிரமா?" என்கிறார். எப்படித் தேடுவது? இந்த வயதில் இது பலன் தருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தேடுவது நியாயமான ஒன்று. உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்தக்கூடியதும்கூட. ஆனால் "ஒரே மருத்துவர்" என்ற நிபந்தனையை மட்டும் இப்போதே தளர்த்திக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் தேடியே ஒரு வருடம் போய்விடும், சிகிச்சை தொடங்காது. மருந்தை ஒருவர் பார்த்துக்கொள்ள, தெரபியை இன்னொருவர் செய்ய, இருவரும் தேவைப்பட்டால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஏற்பாடு போதும். இதை இரண்டாந்தரமான வழி என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரையில் நம் ஊரில் நன்றாக நடக்கும் பெரும்பாலான சிகிச்சைகள் இப்படித்தான் நடக்கின்றன.

மருத்துவர்களே ஏன் இதைச் செய்வதில்லை என்று உங்களுக்குக் கோபம் இருக்கலாம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுப்பதே பெரிது. சைக்கோடைனமிக் தெரபிக்கு ஒருவருக்கு 45 முதல் 50 நிமிடம் வேண்டும், அதுவும் வாராவாரம், மாதக்கணக்கில். எம்.டி. படிப்பின் மூன்று ஆண்டுகளில் பேச்சு சிகிச்சையும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் நேரமெல்லாம் வார்டிலும் ஓ.பி.யிலும் போய்விடும். ஒரே நோயாளியை ஒரு வருடம் உட்காரவைத்துக் கேட்டு, அதை ஒரு மூத்தவரிடம் வாராவாரம் விவாதிக்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே மனநல மருத்துவரைப் பார்க்கும் சந்திப்புகளில் பேச்சு சிகிச்சை இடம்பெற்றது 1996-97இல் நூற்றுக்கு 44 என்று இருந்தது, 2004-05இல் 29 ஆகக் குறைந்துவிட்டது. ஆகவே உங்கள் டாக்டர் அக்கறை இல்லாமல் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணில் படுகிற உலகத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் "யாரும் செய்வதில்லை" என்பது தவறு. செய்கிறார்கள், குறைவாக, வேறு கதவுகளுக்குப் பின்னால்.

இந்தச் சிகிச்சை உங்களுக்கு என்ன செய்யும் என்பதை உங்கள் விஷயத்தை வைத்தே சொல்கிறேன். சிபிடியில், மேலதிகாரி கத்தியபோது உங்களுக்குள் ஓடிய எண்ணம் என்ன, அது எவ்வளவு உண்மை என்று சோதித்திருப்பீர்கள். அது பயனுள்ளது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சைக்கோடைனமிக் தெரபிஸ்ட் வேறு இடத்தில் கை வைப்பார். ஒடுங்குவது எப்போது ஆரம்பித்தது, அந்த வீட்டில் அது உங்களை எதிலிருந்து காப்பாற்றியது, நாலு நாள் பேசாமல் இருக்கும்போது உள்ளே இருப்பது பயமா, கோபமா, அந்தக் கோபம் யார் மேல் என்று கேட்பார். இன்னொன்றும் நடக்கும், இந்தச் சிகிச்சையின் உயிரே அதுதான். சில மாதம் போனபின் தெரபிஸ்ட் ஒருநாள் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசியதாக உங்களுக்குத் தோன்றும். நீங்கள் ஒடுங்குவீர்கள். அடுத்த வாரம் "ஆபீஸில் வேலை" என்று சொல்லி வராமல் இருந்துவிடுவீர்கள். நல்ல தெரபிஸ்ட் இதைக் கவனித்து, "போன வாரம் நமக்குள் என்ன நடந்தது?" என்று கேட்பார். அப்பாவிடமும் மேலதிகாரியிடமும் நடந்தது அந்த அறைக்குள்ளேயே நடக்க, முதன்முறையாக அதைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிகிறது. நோட்டில் எழுதி இதைச் செய்ய முடியாது. எதிரே ஒரு ஆள் வேண்டும்.

பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஆதாரமே கிடையாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. லண்டன் டாவிஸ்டாக் மனநல மையத்தில் 129 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. பல சிகிச்சைகளுக்குப் பிறகும் தீராத மனச்சோர்வோடு இருந்தவர்கள் அவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு 18 மாதம் வாரம் ஒருமுறை உளப்பகுப்பாய்வு (சைக்கோடைனமிக் தெரபிக்கு மூலமான சைக்கோஅனாலிசிஸ்) முறையிலான தெரபி, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 18 மாத முடிவில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் இடைவெளி விரிந்தது. தொடங்கி 42 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஓரளவாவது நோய் தணிந்திருந்தவர்கள் தெரபி பெற்றவர்களில் நூற்றுக்கு 30, மற்றவர்களில் 4 பேர் சொச்சம். முழுமையாகக் குணமானவர்கள் இரண்டு பக்கமும் குறைவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெதுவாக வேலை செய்கிற சிகிச்சை இது, நிறுத்திய பிறகும் வேலை செய்கிற சிகிச்சை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டுதலிலும் குறுகிய கால சைக்கோடைனமிக் தெரபி ஒரு தெரிவாக இருக்கிறது. அங்கே 16 சந்திப்புகளில் முடிகிற வடிவமும் உண்டு. எல்லாருக்கும் வருடக்கணக்கில் தேவைப்படாது.

சரி, யாரைத் தேடுவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், பெயர்ப்பலகையில் உள்ள பட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். முதலில் அடிப்படைத் தகுதி. மனநல மருத்துவர் என்றால் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்து மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவருக்குத்தான், சைக்காலஜிஸ்டுக்கு இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் வழக்கமாக இரண்டு வருட எம்.பில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வாங்கியிருப்பார். அந்த எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இவை இரண்டும் இருந்துவிட்டாலே சைக்கோடைனமிக் தெரபி தெரியும் என்று அர்த்தமாகிவிடாது. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. 1920களில் பெர்லினில் உருவாகி இன்றுவரை உலகம் முழுக்கத் தொடரும் முறை அது: பாடம் படிக்க வேண்டும், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், தானும் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து சொந்தமாகத் தெரபி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். தன் அப்பா மீதுள்ள கோபம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் உங்கள் கோபத்தைக் கேட்கும்போது பதறுவார், அல்லது அவசரமாகச் சமாதானம் சொல்வார்.

நம் நாட்டில் இந்த மரபு புதிதும் இல்லை. கொல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் ஃபிராய்டோடு கடிதம் எழுதி வாதாடியவர் அவர். ஃபிராய்டின் 75வது பிறந்தநாளுக்கு இந்தச் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பிவைத்தது. சங்கம் இன்றும் கொல்கத்தாவில் இயங்குகிறது. அதன் பிறகு மும்பையிலும் டெல்லியிலும் பயிற்சி வளர்ந்தது. தெற்கே அந்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை. முறையாகப் பயின்றவர்களில் பலர் அந்த நகரங்களில் இருப்பதற்கும், உங்களுக்குத் திருச்சியில் யாரும் கிடைக்காததற்கும் இதுதான் காரணம்.

இப்போது வீடியோவில் அவர்களைப் பார்க்க முடியும். ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், நான் இதை அழுத்திச் சொல்கிறேன். அவர்களில் பலர் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் சிகிச்சை செய்வார்கள். வங்கியில் வேலை பார்க்கிற உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வரலாம். ஆனால் அப்பா உங்களைத் திட்டியது தமிழில். நீங்கள் பதில் சொல்லாமல் விழுங்கியதும் தமிழில்தான். ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது வேறு யாருக்கோ நடந்ததைப் போல நேர்த்தியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், கண் கலங்காது. பெரிய பயிற்சி நிலையத்தில் படித்த, தமிழ் தெரியாத ஒருவரும், அவரைவிடக் கொஞ்சம் குறைந்த பயிற்சியோடு, மேற்பார்வையில் வேலை செய்கிற தமிழ் பேசுபவர் ஒருவரும் கிடைத்தால், உங்களுக்கு நான் இரண்டாமவரைத்தான் சொல்வேன்.

எங்கே விசாரிப்பது? பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் போன்ற இடங்களில் மனநல மருத்துவர்களும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒருமுறை நேரில் போய் மதிப்பீடு செய்துகொண்டு, "தொடர்ந்து சைக்கோடைனமிக் முறையில் பார்க்க, தமிழ் பேசும் ஒருவரைச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அங்கே படித்துவிட்டு வெளியே தனியாகப் பார்ப்பவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் மனநல மருத்துவப் பயிற்சியின்போது நீண்ட காலப் பேச்சு சிகிச்சை ஒன்றை மேற்பார்வையில் நடத்துவது பயிற்சியின் ஒரு பகுதி. அங்கே வேலை பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். "ஒரே ஆள்" என்ற உங்கள் ஆசை நிறைவேற வாய்ப்பு இருந்தால் அது இவர்களிடம்தான். அப்படி ஒருவர் கிடைத்தாலும், தெரபிக்கு என்று தனி நேரம் ஒதுக்குகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு எழுதும் பத்து நிமிடத்தில் சைக்கோடைனமிக் தெரபி நடக்காது.

போனில் பேசும்போது நேரடியாகவே கேளுங்கள். சைக்கோடைனமிக் முறையில் எங்கே பயிற்சி பெற்றீர்கள்? இப்போதும் உங்கள் வேலையை யாரிடமாவது மேற்பார்வைக்குக் கொண்டுபோகிறீர்களா? வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம் தர முடியுமா? என் மருத்துவரோடு பேசத் தயாரா? சொந்தமாகத் தெரபி எடுத்தீர்களா என்றும் கேட்கலாம். விவரம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை, ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம். குரல் உயர்ந்தால் ஒடுங்குகிற உங்களுக்கு இது கஷ்டமான போன்கால் என்று தெரியும். எழுதிவைத்துப் படியுங்கள்.

"எல்லா முறையும் கலந்து செய்கிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய. அதில் தவறில்லை. ஆனால் என் விஷயத்தில் எதை, ஏன் செய்வீர்கள் என்று கேட்டால் அவருக்குப் பதில் இருக்க வேண்டும். ஹிப்னாடிசத்தில் பூர்வஜென்மத்துக்கு அழைத்துப்போகிறேன், ஆழ்மனதை மூன்றே அமர்வில் சுத்தம் செய்கிறேன் என்கிறவர்கள் ஆழ்மனம் என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், செய்வது இந்தச் சிகிச்சை இல்லை. மாத்திரையை முதலில் தூக்கிப்போடு என்கிற தெரபிஸ்டையும், இரவெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி நண்பராகிவிடுகிறவரையும், தொட்டுப் பேசுகிறவரையும் விட்டு அன்றைக்கே விலகுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் மூன்று நான்கு சந்திப்புகளைப் பரிசோதனைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மனக்குறை சொல்லப் போகிறவர் பெரியவர் ஒருவர் வழி சொல்வார் என்று எதிர்பார்க்கிறார். ஜே.எஸ். நேகி என்ற மனநல மருத்துவர் 1973இலேயே இந்தியச் சூழலில் குரு–சீடர் உறவை வைத்துத்தான் சிகிச்சை உறவை யோசிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். சைக்கோடைனமிக் தெரபிஸ்ட் பெரும்பாலும் அறிவுரை சொல்ல மாட்டார். "மேலதிகாரியிடம் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டால், "என்ன சொல்ல ஆசைப்பட்டீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். அதற்காக மரம்போல உட்கார்ந்திருக்கவும் கூடாது. நாலாவது சந்திப்பு முடிவதற்குள், நீங்கள் சொன்ன தனித்தனிச் சம்பவங்களை இணைத்து, இதுவரை உங்களுக்குத் தோன்றாத ஒன்றையாவது அவர் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் கோபம் வந்தால் அதைச் சொல்லலாம் என்ற எண்ணம் லேசாகவாவது உங்களுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாத்திரை பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. தெரபி தொடங்கிவிட்டது என்று எஸ்சிடலோப்ராமை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு எல்லாம் வரலாம். பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோவீர்கள். குறைப்பதாக இருந்தால் உங்கள் டாக்டர் மூலமாக, படிப்படியாக. அவரிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவும் தேவையில்லை. "மருந்தை உங்களிடமே தொடர்கிறேன், தெரபிக்கு வேறொருவரைப் பார்க்கிறேன், அவருக்கு ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும், சில விதிவிலக்குகளோடு, அதே சட்டத்தில் இருக்கிறது. தெரபியில் பழையதைக் கிளறும்போது சில வாரங்கள் மனம் மோசமாவது உண்டு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரத்திலும், தமிழிலும் பேசலாம்.

பணம் நிஜமான பிரச்சினைதான். தனியாரில் ஒரு சந்திப்புக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை கேட்கிறார்கள். காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் பலர் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். பயிற்சியில் இருப்பவர்கள் மேற்பார்வையோடு குறைந்த கட்டணத்தில் பார்ப்பதும் நல்ல வழி. உங்கள் கணவரிடம் ஆறு மாதம் என்று கால வரம்பு சொல்லுங்கள். பழைய கதை பேசப் போகவில்லை, உங்களோடு நாலு நாள் பேசாமல் இருக்கிறேனே, அதற்காகப் போகிறேன் என்று சொல்லுங்கள். அந்த நாலு நாள் அவருக்கும் வலித்திருக்கும். வீடியோ சந்திப்பு என்றால் அந்த 50 நிமிடம் அவர் குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த அறையில் மாமியார் இருக்கும்போது மாமியாரைப் பற்றிப் பேச முடியாது. என்னிடம் வருபவர்களில் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். ஐம்பதை நெருங்கியவர்களுக்கு மனம் வளைந்துகொடுக்காது என்று ஃபிராய்டு எழுதியது 1900களின் தொடக்கத்தில். அதை எழுதும்போது அவருக்கே ஐம்பதை நெருங்கும் வயது. இன்று அறுபதைத் தாண்டியவர்களும் இந்தச் சிகிச்சைக்கு வருகிறார்கள், மாறுகிறார்கள். 38 வயதில் நீங்கள் வேலையில், திருமணத்தில், அந்தப் பழைய ஒடுக்கம் தினமும் நடக்கிற இடத்திலேயே இருக்கிறீர்கள். பேசுவதற்கு விஷயம் கையிலேயே இருக்கிறது.

முதல் தகவலை எப்படி அனுப்புவது என்று தயங்கினால் இதை அப்படியே அனுப்புங்கள்: "வணக்கம். எனக்கு 38 வயது. மனச்சோர்வுக்கு மூன்று வருடமாக மருந்து எடுக்கிறேன், என் மருத்துவரிடமே அதைத் தொடர்வேன். நெருக்கமானவர்கள் கோபப்பட்டால் ஒடுங்கிப்போவது சிறு வயதிலிருந்தே இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள சைக்கோடைனமிக் தெரபி தேடுகிறேன். தமிழில் பேச விரும்புகிறேன். வாரம் ஒருமுறை உங்களுக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு யாரையாவது சொல்ல முடியுமா?" இதை ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்கு அனுப்புங்கள். இடம் இல்லை என்கிறவர்களிடம் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் விடாதீர்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் குறைவு என்பதால் ஒருவரையொருவர் தெரிந்திருக்கும்.